சாரலும் சங்கிலியும்: தென்காசிச் சீமையில் மனநோயும் மறைப்பும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேரருவிக்கு முன்னால் நிற்பவர்களின் கண் முதலில் தேடுவது பாதுகாப்பு வளைவைத்தான். தண்ணீர் வளைவுக்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். வளைவைத் தாண்டிக் கொட்டினால் காவலர்கள் விசில் அடித்துக் கூட்டத்தை வெளியேற்றிவிடுவார்கள். வெளியேறுபவர்கள் யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. வெள்ளத்தின் அளவு மனித உடலின் தாங்கும் அளவை மீறிவிட்டது என்பது மட்டுமே அதற்குப் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே அருவிக்கு இன்னொரு வகை மனிதர்களும் பல தலைமுறைகளாக அழைத்துவரப்பட்டிருக்கிறார்கள். தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, இரு பக்கமும் உறவினர் கையைப் பிடித்துக்கொள்ள, விடியற்காலையில் அருவிக்குள் நிறுத்தப்படும் மனநிலை பிறழ்ந்தவர்கள். மலையின் மூலிகைகளைத் தழுவிவரும் நீர் உச்சந்தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பது இந்த வட்டாரத்தின் நெடுநாள் நம்பிக்கை. பேச்சுவழக்கிலும் அது ஊறிக்கிடக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவனைப் பார்த்து, "ஒன்னையக் குத்தாலத்துக்குத்தாம்ல கூட்டிட்டுப் போவணும்" என்பார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தத் தெருவிலேயே உண்மையாகக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அருவியில் குளிப்பவரிடமிருந்து சித்தம் தெளிய நிறுத்தப்படுபவரைப் பிரிப்பது எது? தண்ணீர் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபடுவது, சுற்றி நிற்பவர்களின் பார்வையும், 'இவர் இங்கே வந்தது ஊருக்குத் தெரியக்கூடாது' என்ற வீட்டாரின் பதற்றமும். தென்காசி, குற்றாலம், சங்கரன்கோவில், கடையநல்லூர் சுற்றுவட்டாரத்தை முன்வைத்து, மனநோயைச் சுற்றிய அந்தப் பதற்றம் எப்படி உருவாகிறது, சிறுபான்மைச் சமூகங்களிலும் மாணவர்களிடமும் அது ஏன் இரட்டிப்பாகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

குறி கேட்ட மண்

மனத் துயரை அடுத்தவரிடம் சொல்லி வழி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தென்காசிக்கு அருகே மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், பவனி வரும் குற்றாலநாதரைக் கண்டு மனம் பறிகொடுத்த வசந்தவல்லி ஊணும் உறக்கமும் இழந்து வாடுகிறாள். அங்கே வரும் குறத்தி அவள் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். இலக்கிய மரபில் அது காதல் நோய். ஆனால் கட்டமைப்பைக் கவனித்தால் முக்கியமான ஒன்று புலப்படும். துன்பப்படுபவளை யாரும் பழிக்கவில்லை. நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கிறது, ஒரு கதை கிடைக்கிறது, ஒரு முடிவும் கிடைக்கிறது.

நாட்டார் மருத்துவத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது. 'காத்து கருப்பு அடிச்சிருக்கு', 'செய்வினை வச்சிட்டாங்க', 'கண்ணு பட்டிருக்கு' என்ற சொற்கள் நோயை மனிதருக்கு வெளியே நிறுத்துகின்றன. குற்றம் காற்றினுடையது, கண்ணினுடையது; பிள்ளையுடையது அல்ல. 'பைத்தியம்', 'கிறுக்கு', 'மெண்டல்', 'லூசு' என்ற சொற்களோ நோயை ஆளோடு சேர்த்துத் தைத்துவிடுகின்றன. சொல் ஒட்டிக்கொண்டபின் நோய் குணமானாலும் சொல் போவதில்லை. குடும்பங்கள் மருத்துவரைவிடப் பூசாரியையும் ஆலிமையும் முதலில் நாடுவதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது அரைகுறை விளக்கம். வழிபாட்டிடத்துக்குப் போனால் பக்திமான் என்ற பெயர்; மனநல மருத்துவரிடம் போனால் வேறு பெயர். குடும்பம் இரண்டையும் எடைபோட்டே முடிவு செய்கிறது.

மூன்று மதம், ஒரே திண்ணை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. மனநோய்க்கு வழி தேடும் குடும்பங்களின் பாதைகள் மாவட்ட எல்லைகளுக்கெல்லாம் மூத்தவை. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் உள்ள சக்கரக் குழியில், மனக்கோளாறு உள்ளவர்களையும் 'பேய் பிடித்தவர்' எனப்படுவோரையும் உட்காரவைப்பது வழக்கம். கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில், பாக்தாதில் அடங்கியிருக்கும் முகைதீன் ஆண்டவரின் பெயரால், தமிழகக் கோயிற்கட்டிடப் பாணியில் எழுந்த பள்ளிவாசலில் இந்துக்களும் இஸ்லாமியரும் சேர்ந்தே நேர்ச்சை செலுத்துகிறார்கள். கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்தின் புளியம்பட்டியில் புனித அந்தோணியார் திருத்தலத்தில், மனம் பாதிக்கப்பட்டவர்களோடு குடும்பங்கள் வந்து தங்குகின்றன.

ஒரே குடும்பம் இந்த வாசல்கள் எல்லாவற்றையும் மிதித்திருக்கும். கோமதி அம்மனிடம் தொடங்கி, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி, அந்தோணியாரிடம் செவ்வாய்க்கிழமை மன்றாடி, இடையில் அருவியில் நிறுத்தி, கடைசியில் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும். அப்படிச் சேர்வதற்குள் நோய் முதிர்ந்திருக்கும். மதம் வேறாக இருந்தாலும் மனநோயாளியின் குடும்பம் உட்காரும் திண்ணை ஒன்றுதான்.

வழிபாட்டிடத்தில் ஏதும் நடப்பதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 23 பேருக்கு மனச்சிதைவு இருந்தது. கோயிலில் மருந்து கிடையாது, பேயோட்டும் சடங்கும் கிடையாது. காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள், கூடவே தங்கும் ஓர் உறவினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலின் முடிவில் நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வு, ஏறத்தாழ 20 விழுக்காடான இந்தக் குறைவு பல மனநல மருந்துகள் தரும் பலனுக்கு ஒப்பானது என்று கூறியது.

31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அங்கே இல்லை. எனவே அதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. ஆனால் அது ஒரு திசையைக் காட்டுகிறது. குணப்படுத்தியது கோயிலின் தெய்வமா, மரபா என்று வாதிடுவதைவிட, அங்கே என்ன இல்லை என்று கேட்பது பயன் தரும். அங்கே ஏளனம் இல்லை. விரட்டுதல் இல்லை. நோயாளிக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

ஏர்வாடி சொன்னது

அந்த ஆள் விலகிப் போனபின் அதே நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றி, மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் காப்பகங்கள் பெருகியிருந்தன. குடும்பங்கள் பணம் கட்டி விட்டுவிட்டுப் போயின. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஒரு காப்பகத்தின் கூரையில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். மொத்தம் 28 பேர் உயிரிழந்தனர். சில நாள்களில் அங்கிருந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது.

இறந்தவர்கள் பல ஊர்களிலிருந்து, பல மதங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைச் சங்கிலியில் பிணைத்த பூட்டு காப்பகத்தாருடையது. ஆனால் அந்தப் பூட்டு இருக்கும் இடம்வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது சொந்த ஊரின் வாய். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, ஊர் பேசும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது என்ற நெருக்கடியே நூறு மைல் தள்ளி ஒரு கொட்டகையைத் தேடவைத்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை அதன் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. அரசுச் சேவையில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 18ஆம் பிரிவும், சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காக்கப்படும் உரிமையை 23ஆம் பிரிவும் தருகின்றன. பிற்பாடு ஏர்வாடியிலேயே 'தவா, துஆ' என்ற பெயரில் மருந்தும் வேண்டுதலும் சேர்ந்த திட்டம் வந்தது. தர்காவுக்கு வருபவர் வேண்டுதலை விட்டுவிட வேண்டியதில்லை. அருகிலேயே அரசு மனநல மருத்துவக் குழு இருக்கும், மருந்தும் கிடைக்கும். இதற்கு முன்னோடி குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்கா. அங்கே தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் கைகாட்டிவிடப் பழக்கப்பட்டார்கள். நம்பிக்கையை இடித்துத் தள்ளாமல் அதன் திண்ணையிலேயே மருத்துவத்துக்கும் இடம் கேட்டு வாங்கிய அணுகுமுறை இது.

மறைப்பின் கணக்கு

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் கணக்கெடுப்புக் காலத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் அது 7.3 விழுக்காடு. நோய் இருந்தும் சிகிச்சை பெறாதோர் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் மருத்துவர் இருக்கும் ஊரிலும் நோயாளி வருவதில்லை. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

சென்னை ஸ்கார்ப் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாரா, ஸ்ரீனிவாசன் இருவரும் மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 159 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கைத் திறந்து காட்டியது. பராமரிப்போரை அதிகம் வாட்டியவை மூன்று: திருமணம், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், நோயை மறைக்க வேண்டிய கட்டாயம். முதலில் இருப்பது திருமணம் என்பதைக் கவனிக்க வேண்டும். மனநோய் ஒருவருக்கு வருகிறது. விலையை உடன்பிறந்தோர் எல்லோரும் கொடுக்கிறார்கள். ஆகவே மறைப்பது குடும்பத்தின் கண்ணில் கோழைத்தனம் அல்ல, மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமை.

சட்டமும் இந்தப் பயத்துக்குத் தீனி போட்டிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனநிலைக் குறைவை, தொடர்ந்து வரும் பித்தை, வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்தது. வலிப்பு நோய் அந்தப் பட்டியலிலிருந்து நீங்க 1999 ஆயிற்று, மற்றவை நீடிக்கின்றன. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் இரண்டு ஆண்டு மனநோயோடு இருந்தால் மனைவி விடுதலை கேட்கலாம் என்கிறது. துன்புறும் பெண்ணுக்கு அந்த வாசல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மனநலச் சிகிச்சை இன்றுபோல் பரவாத காலத்தில் எழுதப்பட்ட சொற்கள், மருந்து உண்டு இயல்பாக வாழ முடியும் காலத்திலும் நோயின் மேல் முத்திரையாக இருக்கின்றன.

மறைக்க வேண்டியிருப்பதால் துன்பம் உடம்பின் மொழியில் பேசுகிறது. 'தலை பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'கை காலெல்லாம் ஒளையுது', 'ஒறக்கமே பிடிக்க மாட்டேங்கு' என்று சொல்லிக்கொண்டு வருபவருக்குச் சத்து மாத்திரையும் ஊசியும் கிடைக்கின்றன. மனத்தைப் பற்றி மருத்துவரும் கேட்பதில்லை, வந்தவரும் சொல்வதில்லை. இந்த மறைப்பு இறப்புக்குப் பின்னும் தொடர்கிறது. தற்கொலைச் செய்திகளில் 'தீராத வயிற்றுவலி' என்ற காரணத்தைப் பல தலைமுறைகளாக வாசித்துவருகிறோம். அந்த வயிற்றுவலிகளுள் எத்தனை சொல்ல முடியாத மனவலிகள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த காலத்தில் 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயம் அதற்கு வலுச் சேர்த்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தண்டிக்கும் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டம் மாறியதை வீடுகள் இன்னும் அறியவில்லை.

சிறுபான்மையின் இரட்டைச் சுமை

கடையநல்லூர், தென்காசி, வடகரை, புளியங்குடி எனத் தறியாலும் வணிகத்தாலும் வெளிநாட்டு உழைப்பாலும் வளர்ந்த இஸ்லாமியக் குடியிருப்புகள் இந்த மாவட்டத்தில் பல. சுரண்டை, நல்லூர் பக்கம் கிறித்தவச் சபைகள் பள்ளியோடும் ஆலயத்தோடும் வேரூன்றியவை. இச்சமூகங்களின் பெரும்பலம் நெருக்கம். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன கடையநல்லூர்க்காரர்கள் 1941இலேயே அங்கே முஸ்லிம் லீக் அமைத்து, 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள் என்றால் அந்தக் கட்டுக்கோப்பின் அளவு புரியும்.

மனநோய் வரும்போது அதே நெருக்கம் நெரிக்கவும் செய்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சில தெருக்களுக்குள்ளேயே முடிந்துவிடும் ஊரில், மருத்துவமனை வாசலில் பார்த்த ஒரு ஜோடிக் கண்கள் போதும். செய்தி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வளைகுடாவில் கணவன், வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று ஆண்டுக்கணக்கில் தனியே சுமக்கும் பெண், தனக்கு மனசு சரியில்லை என்று சொன்னால், 'மாசாமாசம் பணம் வருது, வீடு கட்டியாச்சு, இன்னும் என்ன கொறை?' என்ற கேள்விதான் முதலில் வரும். பீடி சுற்றும் பெண்ணுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இல்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டே துயரையும் விழுங்கிக்கொள்கிறாள்.

இதன்மேல் இன்னொரு சுமை உண்டு. வெளியுலகம் தன் சமூகத்தை ஏற்கெனவே ஐயத்தோடு பார்க்கிறது என்று உணரும் குடும்பம், வீட்டுக்குள் இருக்கும் நோயையும் வெளியே காட்ட விரும்பாது. ஏற்கெனவே நம்மைப் பற்றி ஆயிரம் சொல்கிறார்கள், இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று நினைக்கும். மருத்துவமனையில் தன் பெயரையும் உடையையும் வைத்துத் தன்னை எடைபோடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும். மார்க்கப் பற்று உள்ளவருக்கு, 'ஈமான் உறுதியாக இருந்தால் மனம் தளருமா' என்ற உள்கேள்வியும், கிறித்தவ வீட்டில் 'ஜெபக் குறைவோ' என்ற குற்றவுணர்வும் கூடுகின்றன. நோயோடு பாவத்தையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது.

இஸ்லாமிய வரலாறே இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. பாக்தாதிலும் கெய்ரோவிலும் பீமாரிஸ்தான் என்ற மருத்துவமனைகள் இடைக்காலத்திலேயே மனநோயாளிகளையும் சேர்த்துப் பராமரித்தன. துருக்கியின் எதிர்னேயில் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயசீது 1488இல் நிறைவுசெய்த வளாகத்தில் பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஒட்டியே இருந்தன. அங்கே மனநோயாளிகளுக்கு இசையாலும் நறுமணத்தாலும் நீரூற்றின் ஓசையாலும் சிகிச்சை அளித்தார்கள். ஐரோப்பாவின் பல மனநோய்க் காப்பகங்கள் பிற்காலத்தில் குளிர்ந்த நீரை நோயாளியை அடக்கும் கருவியாகப் பாய்ச்சின. எதிர்னேயில் நீர் கேட்பதற்கு இருந்தது. குற்றாலத்துக்கு இரண்டு மரபும் பாடம். விரும்பி நிற்பவருக்கு அருவி ஆறுதல். கைகால் திமிறத் திமிறப் பிடித்து நிறுத்தப்படுபவருக்கு அது தண்டனை.

இழிவு என்பதே மனத்தை நோகடிக்கும் காரணி என்பதையும் இந்தச் சீமை அறியும். 1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது சாதி இழிவு. நாள்தோறும் தாழ்த்தப்படுபவரின் துயரை நோய் என்று மட்டும் பெயரிட்டு மாத்திரை கொடுத்து அனுப்புவது நேர்மையாகாது. காயம் சமூகத்தில் இருக்கிறது. வலி மட்டுமே அவர் உள்ளே இருக்கிறது.

மதிப்பெண் என்ற அருவி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 1,764 பேர். அடுத்து நிற்பது தமிழ்நாடு: 1,416 பேர். அந்த ஆண்டில் சராசரியாக ஒரு நாளில் நாம் ஏறத்தாழ நான்கு பிள்ளைகளை இழந்தோம். எந்த ஒரு தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் காரணங்கள் பலவும் வந்து கூடும் சந்தியாகத் தேர்வு இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளை, தன் மதிப்பெண்ணை மட்டும் சுமப்பதில்லை. அப்பாவின் கடன், அக்காவின் திருமணம், தெருவின் எதிர்பார்ப்பு எல்லாம் அந்தத் தாளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

செய்தால் பலன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1986இல் சென்னையில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வலியுறுத்திய ஒரு கோரிக்கை எளிமையானது. தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும். அரசு அதை ஏற்றது. ஓர் ஆண்டு வீணாகும் என்ற இருட்டு ஒரு மாதமாகச் சுருங்கியது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 2022இல் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களும், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசனைச் சேவையும் வந்தன. இவற்றுள் முதல் இரண்டும் ஒரு மாணவரைக்கூடத் தனியே அழைத்து உட்காரவைத்து அறிவுரை சொல்லவில்லை. வெள்ளத்தின் விசையைக் குறைத்தன.

தென்மாவட்டப் பள்ளிகளுக்கு இன்னொரு தனித் துயரம் உண்டு. மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் தன் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னதோடு, 500 மாணவருக்கு மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை அமர்த்தவும் பரிந்துரைத்தது. சாதி வன்முறையும் மாணவர் மனநலமும் ஒரே வகுப்பறைக்குள் இருப்பவை என்பதை அந்தப் பரிந்துரை ஏற்றுக்கொள்கிறது. பெயர் கூப்பிடும்போது சக மாணவன் சிரிப்பானோ, முக்காட்டைப் பற்றிக் கேட்பார்களோ, எந்தத் தெரு என்று விசாரிப்பார்களோ என்று நாள் முழுவதும் விறைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும்; மதிப்பெண்ணை வைத்து மாணவரைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதும் எல்லோர் முன்னும் அவமதிப்பதும் கூடாது. நெறிகள் நல்லவை. ஆனால் ஆலோசகரின் அறை தலைமையாசிரியர் அறைக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், அதற்குள் போகும் மாணவிக்கு மறுநாளே பட்டப்பெயர் கிடைத்துவிடும். அறை எங்கே இருக்கிறது என்பதும் மருத்துவம்தான்.

ஆய்க்குடியிலிருந்து ஒரு வழி

இந்த மாவட்டம் தன்னிடமே ஒரு விடையை வைத்திருக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், தானே சக்கர நாற்காலியில் இயங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உடற்குறையும் அறிவுவளர்ச்சிக் குறையும் உள்ளவர்களுக்கு வீடு தேடிப் போகும் பணியாளர்களை உருவாக்கியது. மறைத்துவைக்கப்பட்ட பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். ஊனம் முற்பிறவிப் பாவம் என்று முணுமுணுத்த தெருக்கள் மெல்லப் பேச்சை மாற்றிக்கொண்டன. அறிவுரைப் பலகைகள் அதைச் செய்யவில்லை. வாரந்தோறும் ஒரே ஆள் வந்து, ஒரே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது செய்தது.

மனநோய்க்கும் அந்த வழி செல்லும். ஏற்கெனவே நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர், தூக்கத்தைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கலாம். அந்த வீட்டுக்கு அவர் வருவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. மறைக்க வேண்டிய தேவையே அங்கே எழாது. சங்கரன்கோவிலிலும் பொட்டல்புதூரிலும் புளியம்பட்டியிலும், ஏர்வாடியின் பாடத்தைக் கொண்டு, வேண்டுதலுக்குப் பக்கத்திலேயே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறித்த நாளில் உட்காரலாம். ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத்தும், ஜெபிக்கும் குருவும், குறி சொல்லும் பூசாரியும், 'இதையும் செய், அந்த டாக்டரையும் பாரு' என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் சிகிச்சை அன்றே தொடங்கும். ஜும்ஆ உரையிலும் ஞாயிறு பிரசங்கத்திலும் மனச்சோர்வு காய்ச்சலைப் போல ஒரு நோய் என்று ஒருமுறை ஒலித்தால், வீட்டில் ஒளிந்திருப்பவரின் தலையிலிருந்து பாவச்சுமை இறங்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விலை. குடும்பங்கள் மறைப்பது, வெளியே சொன்னால் கொடுக்க வேண்டிய விலை அதிகம் என்பதால். சம்பந்தம் பேச வருபவர் 'குடும்பத்தில் யாருக்காவது மூளைக் கோளாறு உண்டா' என்று கேட்பதை நிறுத்தும் நாளில், ஜமாஅத்தும் சபையும் சாதிச் சங்கமும் சிகிச்சையில் இருப்பவரைப் பொறுப்புகளிலிருந்து விலக்காத நாளில், அந்த விலை குறையும். விலை குறையும் அளவுக்குத்தான் சங்கிலி தளரும். அதைக் குறைக்கும் கை மருத்துவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டும்போது, யார் மேல் குற்றம் என்று காவலர் விசாரிப்பதில்லை. உன் நம்பிக்கை போதவில்லை, உன் உடம்பு திடமில்லை என்று யாரையும் குறை சொல்வதில்லை. விசில் அடிக்கிறார், கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார், வெள்ளம் வடியும்வரை கரையில் உட்காரச் சொல்கிறார். வடிந்தபின் அதே மனிதர் மறுபடி அருவிக்குள் போகிறார்; அவரை யாரும் நேற்று இறக்கிவிடப்பட்டவர் என்று அடையாளம் காட்டுவதில்லை. இத்தனையையும் தண்ணீருக்குச் செய்யத் தெரிந்த ஊர் இது.